காற்புள்ளியின் கடமை



நாற்பத்தைந்து பேர் படிக்கும் ஒரு வகுப்பை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். காலையில் வருகைப் பதிவு முடிந்தவுடன், வராதவர்களின் வரிசை எண்களை வகுப்புத் தலைவி ஒரு துண்டுத் தாளில் எழுதி அலுவலகத்திற்குக் கொண்டு செல்கிறாள். அன்று வராதவர்கள் 1, 23, 45 ஆகிய எண்களுக்குரிய மூவர். தலைவி சற்று அவசரக்காரி. எண்களுக்கு நடுவே குறி ஏதும் இடாமல், இடமும் விடாமல், 12345 என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அலுவலகத்தில் இருப்பவர் இதை எவ்வாறு படிப்பார்?

அவர் அறிவாளி என்றே வைத்துக்கொள்வோம். எண்கள் ஏறுவரிசையில்தான் இருக்கும், ஒரே எண் இரண்டு முறை வராது, 45க்கு மேல் எண்ணே கிடையாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அப்படியும் அவர் தப்ப முடியாது. 1, 2, 3, 4, 5 என்று ஐந்து பேர் வரவில்லை என்று படிக்கலாம். 1, 2, 3, 45 என்று நான்கு பேர் என்றும் படிக்கலாம். 1, 23, 45 என்று மூன்று பேர் என்றும் படிக்கலாம். மூன்றுமே விதிக்கு உட்பட்டவை. வேறு வகையில் பிரிக்க முடியுமா என்று ஒரு தாளை எடுத்து முயன்று பாருங்கள், முடியாது. ஆனால் மூன்று பொருள் தரும் ஒரு செய்தி, செய்தியே அன்று.

இக்காலத்தில் பல பள்ளிகளில் அந்தத் துண்டுத் தாளின் வேலையைக் கணிப்பொறி செய்கிறது. வராதவர்களின் எண்களை ஒரு நிரல் தொகுத்து அனுப்புகிறது. வேறொரு நிரல் அதைப் பெற்றுப் பிரித்து, அந்தந்தப் பெற்றோரின் கைபேசிக்கு, மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை என்ற செய்தியைச் சில நொடிகளில் அனுப்பிவிடுகிறது. பட்டியலைத் தவறாகப் பிரித்தால் என்ன ஆகும்? இரண்டாம் எண் மாணவி வகுப்பில் அமர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். அவள் தாயோ வேலைத்தலத்தில் அச்செய்தியைப் படித்துக் கலங்கிப்போவார். இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. 23ஆம் எண் மாணவி வீட்டிலிருந்து புறப்பட்டும் பள்ளிக்கு வந்து சேரவில்லை. அவள் வீட்டுக்குச் செய்தி போகவே இல்லை. ஒரு சிறிய காற்புள்ளி இல்லாததால் இத்தனையும் நேரக்கூடும்.

எண்களின் பட்டியல் ஒன்றை, நடுவே குறியிட்டு, ஒரே எழுத்துச் சரமாகக் கோக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம். நடுவே இடும் குறியைப் பிரிகுறி என்று அழைப்போம். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருப்பதைச் சரம் என்கிறார்கள். பூச்சரத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

முதலில் ஒரு வேறுபாட்டை நன்கு மனத்தில் இருத்த வேண்டும். நமக்கு இருபத்து மூன்று என்னும் அளவும், தாளில் எழுதிய 23 என்னும் வடிவமும் ஒன்றுபோலவே தோன்றும். கணிப்பொறிக்கு அவை இரண்டும் வேறு வேறு. இருபத்து மூன்று என்னும் அளவை அது 10111 என்று இரும எண்ணாக வைத்திருக்கும். அதைக் கொண்டு கூட்டவும் பெருக்கவும் முடியும். எழுத்தாக எழுதிய 23 என்பதோ, 2 என்ற எழுத்தும் 3 என்ற எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் உண்டு. 1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி என்னும் குறியெண் அட்டவணைப்படி 0 என்ற எழுத்துக்கு 48, 1க்கு 49, இப்படியே சென்று 9க்கு 57. காற்புள்ளிக்கு 44. இன்றைய யூனிகோடு அட்டவணையிலும் இவ்வெழுத்துகளுக்கு இதே எண்கள்தாம். ஆகவே 1,23,45 என்னும் சரம் கணிப்பொறிக்குள் 49, 44, 50, 51, 44, 52, 53 என்று ஏழு குறியெண்களாக அமர்ந்திருக்கும்.

எனவே கோப்பதற்கு முன் ஒவ்வோர் எண்ணையும் எழுத்தாக மாற்றியாக வேண்டும். அது எப்படி நடக்கிறது தெரியுமா? எண்ணைப் பத்தால் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும்; ஈவை மறுபடியும் பத்தால் வகுக்க வேண்டும்; ஈவு சுழியாகும்வரை இதையே செய்ய வேண்டும். 23ஐப் பத்தால் வகுத்தால் ஈவு 2, மீதி 3. 2ஐப் பத்தால் வகுத்தால் ஈவு 0, மீதி 2. மீதிகள் 3, 2 என்று கடைசி இலக்கத்திலிருந்து வருகின்றன. அவற்றைத் தலைகீழாகத் திருப்பி, ஒவ்வொன்றுடனும் 48ஐக் கூட்டினால் 50, 51 என்னும் எழுத்துகள் கிடைத்துவிடும். ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கேதான்! இதில் ஓர் இடறல் உண்டு. எண் சுழியாக இருந்தால் என்ன செய்வது? ‘எண் சுழி இல்லாதவரை வகு’ என்று ஆணை எழுதியவளின் நிரல், சுழியைக் கண்டவுடனே வேலை முடிந்தது என்று நின்றுவிடும். ஓர் எழுத்தும் வராது. ‘முதலில் ஒருமுறை வகு, பிறகு ஈவைச் சோதி’ என்று எழுதியவளுக்கு 0 என்ற எழுத்து ஒழுங்காகக் கிடைக்கும்.

இனிக் கோக்கும் வேலைக்கு வருவோம். பள்ளி மைதானத்தின் ஓரத்தில் வரிசையாகப் பத்து வேப்பமரங்கள் நின்றால், நடுவே உள்ள இடைவெளிகள் எத்தனை? பத்து என்று வாய் தவறிச் சொல்பவர்கள் பெரியவர்களிலும் உண்டு. ஒன்பதுதான். அதுபோல மூன்று எண்களுக்கு இரண்டு காற்புள்ளிகள், ஓர் எண்ணுக்குக் காற்புள்ளியே இல்லை. எண்களைவிடக் குறிகள் ஒன்று குறைவு என்னும் இந்தச் சிறிய உண்மைதான் நிரல் எழுதத் தொடங்குவோரை மிகவும் அலைக்கழிப்பது. முதலில் நம் மனத்தில் தோன்றும் முறை இது:

விடை என்பதை வெறுஞ்சரமாக வை.
பட்டியலின் ஒவ்வோர் எண்ணுக்கும் கீழ்க்காணும் இரண்டையும் செய்:
எண்ணை எழுத்தாக்கி விடையின் முடிவில் சேர்.
ஒரு காற்புள்ளியை விடையின் முடிவில் சேர்.

இதன்படி 7, 12, 23 என்னும் பட்டியல் ‘7,12,23,’ என்று முடியும். கடைசியில் ஒரு காற்புள்ளி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கையால் எழுதியதாக இருந்தால் படிப்பவர் பொருட்படுத்தமாட்டார். கணிப்பொறியோ காற்புள்ளிக்குப் பின்னும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று நம்பி, நான்காவதாக ஒரு வெறும் உறுப்பைக் கொடுக்கும். எண்ணே இல்லாத ஒரு மாணவி வரவில்லை என்று அலுவலகம் தேடத் தொடங்க வேண்டியதுதான்!

‘அப்படியானால் கடைசி எழுத்தை வெட்டிவிடலாமே’ என்பீர்கள். வெட்டலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அனைவரும் வந்திருக்கும் நாளில் பட்டியல் வெறுமையாக இருக்கும். விடையும் வெறுஞ்சரமாகவே நிற்கும். இல்லாத எழுத்தை வெட்டச் சொன்னால் சில மொழிகளில் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். மேலும், பிரிகுறியைக் காற்புள்ளியும் ஓர் இடைவெளியுமாகப் பின்னொரு நாள் மாற்றினால், ஓரெழுத்தை வெட்டியது போதாமல் போகும். ஒன்றைத் தவறாக ஒட்டிப் பிறகு வெட்டுவதைவிட, முதலிலேயே ஒட்டாமல் இருப்பது மேல் என்பது என் கருத்து. அதற்கு வழி, காற்புள்ளியை எண்ணுக்குப் பின்னே வைக்காமல் முன்னே வைப்பதுதான்:

விடை என்பதை வெறுஞ்சரமாக வை.
‘முதல் எண்ணா?’ என்னும் கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்துக்கொள்.
பட்டியலின் ஒவ்வோர் எண்ணுக்கும் கீழ்க்காணும் மூன்றையும் செய்:
முதல் எண் இல்லையானால், ஒரு காற்புள்ளியைச் சேர்.
எண்ணை எழுத்தாக்கிச் சேர்.
‘முதல் எண்ணா?’ என்பதை ‘இல்லை’ என்று மாற்று.

இதில் வெட்டும் வேலை இல்லை. பட்டியல் வெறுமையானால் விடையும் வெறுமை. ஓர் எண் மட்டும் இருந்தால் காற்புள்ளி வராது. ‘விடை வெறுமையாக இல்லையானால் காற்புள்ளி சேர்’ என்று எழுதித் தனிக்குறிப்பைத் தவிர்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். எண்களுக்கு அது சரி. பெயர்களைக் கோக்கும்போது முதற்பெயரே வெறுமையாக இருந்துவிட்டால் ஒரு காற்புள்ளி காணாமற்போகும்.

மேல்நிலை வகுப்பில் பைத்தான் பயிலும் மாணவியர், ‘இத்தனை பாடு எதற்கு? கோப்பதற்கென்றே ஆணை இருக்கிறதே’ என்று சொல்வது காதில் விழுகிறது. உண்மைதான். இன்று வழங்கும் நிரல்மொழிகளில் பலவற்றில் ஜாயின் என்னும் ஆணை உண்டு. பிரிகுறியையும் பட்டியலையும் கொடுத்தால் கோத்துத் தந்துவிடும். ஆனால் மொழிக்கு மொழி அதன் குணம் வேறு. பைத்தான் கண்டிப்பான ஆசிரியை போன்றது. எண்களை அப்படியே கொடுத்தால், ‘நான் கேட்டது சரம், நீ தந்தது முழு எண்’ என்று பிழை காட்டித் திருப்பிவிடும். ஒவ்வொன்றையும் எழுத்தாக்கிய பிறகே கோக்கும். ஜாவாஸ்கிரிப்ட் செல்லம் கொடுக்கும் பாட்டியைப் போன்றது. எண்களைக் கொடுத்தாலும் தானே எழுத்தாக்கிக் கோத்துக்கொடுக்கும். நடுவே ஓர் இடத்தில் மதிப்பே இல்லை என்றாலும் கேள்வி கேட்காது; அவ்விடத்தை வெறுமையாக விட்டு ‘1,,3’ என்று இரண்டு காற்புள்ளிகளை அடுத்தடுத்து இட்டுவிடும். முதல் மொழி கடிந்துகொள்வதால் பிழை உடனே தெரிகிறது. இரண்டாவது மொழியில் அது பெற்றோரின் கைபேசி வரை பயணம் செய்கிறது. பாட்டியிடம் நமக்குப் பிரியம் அதிகம்தான்; ஆனாலும் இவ்வேலைக்கு ஆசிரியையையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பட்டியல் நீளமானால் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சில மொழிகளில் ஒரு சரத்தின் முடிவில் எதையாவது சேர்த்தால், பழைய சரம் முழுவதையும் புதிய இடத்தில் படியெடுத்து, அதன் பிறகுதான் சேர்க்கும். பூக்காரம்மா ஒவ்வொரு பூவைத் தொடுக்கும்போதும் பழைய சரத்தைப் பிரித்து, முதலிலிருந்து மறுபடி கட்டுவது போன்றது இது. ஆயிரம் மூவிலக்க எண்களைக் கோப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் காற்புள்ளியோடு நான்கு எழுத்து. ஒரே தடவையில் எழுதினால் ஏறத்தாழ 4,000 எழுத்துகள். ஒவ்வொரு தடவையும் முழுவதையும் படியெடுத்தால் 4, 8, 12 என்று தொடங்கி 4,000 வரை கூட்ட வேண்டும், கூட்டுத்தொகை 20,02,000. ஐந்நூறு மடங்கு வேலை! ஜாயின் போன்ற ஆணைகள் பெரும்பாலும் மொத்த நீளத்தை முதலிலேயே கணக்கிட்டோ, இடத்தைத் தாராளமாக ஒதுக்கியோ இந்த வீண் உழைப்பைத் தவிர்க்கின்றன. ஒரு வகுப்பின் பட்டியலுக்கு இது பொருட்டே அன்று.

பிரிகுறியாக எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே எல்லாவற்றிலும் சுவையான கேள்வி. கோக்கப்படும் பொருளுக்குள் வராத குறியாக அது இருக்க வேண்டும். முழு எண்களுக்குக் காற்புள்ளி நல்ல குறியே, இலக்கங்களை மட்டும் எழுதும்வரை. மேலே நானே 20,02,000 என்று எழுதியிருப்பதைக் கண்டீர்கள் அல்லவா? நம் நாட்டில் ஆயிரத்தையும் இலட்சத்தையும் காட்டக் காற்புள்ளி இடுகிறோம். பெற்றோர் ஒருவர் வீட்டுக் கணக்கைக் கணிப்பொறியில் வைத்திருக்கிறார். 1,25,000 என்றும் 98,500 என்றும் இரண்டு தொகைகள். இவற்றை அப்படியே காற்புள்ளியால் கோத்தால் 1,25,000,98,500 ஆகும். பிரிக்கும் நிரல் அதை 1, 25, 000, 98, 500 என்று ஐந்து தொகைகளாகப் பிரித்துவிடும். இலட்ச ரூபாய் ஒரு ரூபாயாகச் சுருங்கிவிடும்! ஆகவே கணிப்பொறிக்கு அனுப்பும்போது 125000 என்றே எழுத வேண்டும். காற்புள்ளியிட்ட அழகு மனிதக் கண்ணுக்கு மட்டும்.

ஜெர்மனி, பிரான்சு முதலிய நாடுகளில் சிக்கல் வேறு வகை. அங்கே தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடுவார்கள். மூன்றரையை 3,5 என்று எழுதுவார்கள். 3,5 என்பதையும் 4,25 என்பதையும் காற்புள்ளியால் கோத்தால் யாரால் பிரிக்க முடியும்? அதனால் அந்நாடுகளில் அட்டவணை மென்பொருள்கள் அரைப்புள்ளியைப் பிரிகுறியாகக் கொண்டு கோப்பைச் சேமிப்பது வழக்கம்.

காற்புள்ளி, புள்ளி ஆகிய இரண்டின் உறவு இன்னோர் இடத்திலும் வம்பு விளைத்தது. 1957இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில், ஓர் ஆணையைத் திரும்பத் திரும்பச் செய்ய எல்லைகளை 1,10 என்று காற்புள்ளியால் பிரித்து எழுத வேண்டும். கை தவறி 1.10 என்று புள்ளி வைத்துவிட்டால் அம்மொழி பிழை என்று சொல்லாது. அது வரியில் உள்ள வெற்றிடங்களைப் பொருட்படுத்தாத மொழி. ஆகவே முன்னுள்ள சொற்களையெல்லாம் ஒட்டி ஒரே பெயராக்கி, அப்பெயருக்கு 1.10 என்னும் மதிப்பைக் கொடுத்துவிட்டு அமைதியாக அடுத்த வரிக்குச் சென்றுவிடும். பத்து முறை நடக்க வேண்டிய வேலை ஒரே முறை நடந்து முடியும்.

நம் முன்னோர் ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடம் விடாமலே எழுதினர். மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாததும் உண்டு. யாப்பறிந்தவர் சீர் பிரித்து, பொருளறிந்து படித்தனர். அவ்வாறு படிக்க ஒரு பெரும் புலமை வேண்டியிருந்தது. கணிப்பொறிக்கு அந்தப் புலமை இல்லை. அதனால்தான் அதற்குக் குறி வேண்டும்.

‘பொருளுக்குள் ஒருபோதும் வராத குறி ஏதேனும் உண்டா?’ என்று கேட்கலாம். ஆஸ்கி அட்டவணையை வகுத்தவர்கள் இதை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். 28 முதல் 31 வரை நான்கு குறியெண்களைக் கோப்பு, தொகுதி, பதிவு, உறுப்பு ஆகியவற்றைப் பிரிப்பதற்கென்றே ஒதுக்கினார்கள். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் மிகக் குறைவாகவே கையாளப்படுகிறது. அவை கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் அல்ல. விசைப்பலகையில் அவற்றுக்குத் தனி விசையும் இல்லை. காற்புள்ளியோ எவர் கண்ணுக்கும் தெரியும், எந்தப் பலகையிலும் இருக்கும். அதனால் மக்கள் காற்புள்ளியையே பிடித்துக்கொண்டு, அது பொருளுக்குள் வந்தால் அப்பொருளை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைத்துவிடுவது என்று வழக்கப்படுத்திக்கொண்டார்கள். 2005ஆம் ஆண்டு ஆர்.எஃப்.சி. 4180 என்னும் ஆவணம் இவ்வழக்கத்தை எழுத்தில் பதிவு செய்தது.

பிரிகுறியே இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே அகலம் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்வது. நம் தபால் துறை 1972 ஆகஸ்டு 15 அன்று கொண்டுவந்த அஞ்சல் குறியீட்டு எண் எப்போதும் ஆறு இலக்கம். 600001625001 என்று இரண்டை ஒட்டி எழுதினாலும் ஆறாறாக வெட்டினால் சென்னையும் மதுரையும் தனித்தனியே வந்துவிடும். பழைய துளையிட்ட அட்டைகளும் இவ்வாறே. எண்பது நெடுவரிசைகளில் இந்த எண்ணுக்கு இத்தனை வரிசை என்று ஒதுக்கியிருப்பார்கள். நம் வகுப்புத் தலைவியும் ஒவ்வோர் எண்ணையும் இரண்டு இலக்கமாக 012345 என்று எழுதியிருந்தால் 01, 23, 45 என்று ஒரே பொருள்தான் கிடைத்திருக்கும். ஆனால் அடுத்த ஆண்டு பல வகுப்புகளுக்குப் பொதுவாக எண் கொடுத்து நூற்றைத் தாண்டிவிட்டால் இந்த ஏற்பாடு உடைந்துவிடும். காற்புள்ளிக்கு அந்தக் கவலை இல்லை.

கோத்த சரத்தை மறுமுனையில் பிரித்துப் பார்த்து, தொடக்கப் பட்டியலே கிடைக்கிறதா என்று சோதிப்பதே சரியான சோதனை. இங்கும் அனைவரும் வந்த நாள்தான் தொல்லை தரும். வெறுஞ்சரத்தைக் காற்புள்ளியில் பிரிக்கச் சொன்னால், பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் வெறும் பட்டியலைத் தருவதில்லை. வெறுமையான ஓர் உறுப்பைக் கொண்ட பட்டியலைத் தருகின்றன. காற்புள்ளிகளைவிட உறுப்புகள் ஒன்று அதிகம் என்னும் அதே வேப்பமரக் கணக்கு! குறி சுழி என்றால் உறுப்பு ஒன்று. எனவே வாங்கும் நிரல், ‘சரம் வெறுமையானால் ஒருவரும் விடுபடவில்லை’ என்று முதலில் சோதித்துவிட்டே பிரிக்கத் தொடங்க வேண்டும். எல்லோரும் வந்த நல்ல நாளில் நிரல் பிழை காட்டி நின்றால், மறுநாள் அனுப்ப வேண்டிய உண்மையான செய்தியும் தடைப்படலாம் அல்லவா?

சிறுவகுப்பு மாணவியர் விடுமுறையில் செய்து பார்க்க இரண்டு கணக்குகள்: அதே நாற்பத்தைந்து பேர் வகுப்பு, அதே விதிகள். 2345 என்னும் சீட்டை எத்தனை விதமாகப் படிக்கலாம்? 1112 என்பதை எத்தனை விதமாகப் படிக்கலாம்? இரண்டாவதன் விடை உங்களுக்கு வியப்பளிக்கும். மேல்நிலை மாணவியர், ஜாயின் ஆணையைத் தொடாமல் தாங்களே கோக்கும் நிரல் ஒன்றை எழுதி, அதற்கு நான்கு பட்டியல்களைக் கொடுத்துப் பார்க்கலாம்: வெறும் பட்டியல், 7 மட்டும் உள்ளது, 0 மட்டும் உள்ளது, 1, 23, 45 உள்ளது. நான்கையும் கோத்துப் பிரித்து, கொடுத்தது அப்படியே திரும்பி வந்தால் கணிப்பொறி ஆசிரியையிடம் காட்டுங்கள்.